மேஜைக்குள் இருந்த சுற்றறிக்கை

சுனாமி வந்த அடுத்த மாதம்தான் எனக்கு மரக்காணத்தில் வேலை கிடைத்தது. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் சின்னக் கிளை, உரக்கடைக்கு மேல் மாடியில். மேனேஜர் வாரத்தில் இரண்டு நாள் திண்டிவனத்திலிருந்து வருவார். மற்ற நாட்களில் நாங்கள் இரண்டு பேர்தான்: நானும், பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒருவரும். அவர் என்னை மேடம் என்பார். நான் அவரை சார் என்பேன்.

சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் பார்ப்போம். ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் பர்மனென்ட் பண்ணுவாங்க."

அன்றிலிருந்து எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. அப்பா உப்பு வாரி வாரி, காலில் ஆறாத புண்ணோடு வீட்டில் இருந்தார். இந்த வேலையும் போனால் அம்மாவோடு நானும் உப்பளத்துக்குத்தான் போகவேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் சார் லீவு. தலைமை அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சுனாமியில் காணாமல் போனவர்களின் உடல் கிடைக்க வேண்டும் என்றில்லை, தாசில்தார் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், குடும்பத்தாரிடம் விண்ணப்பம் வாங்கலாம் என்றிருந்தது. போனில் மேனேஜரிடம் படித்துக் காட்டினேன்.

"டெத் கிளைம் அவர்தானே பார்க்கிறாரு. வந்ததும் காட்டிடும்மா," என்றார்.

மறுநாள் காலை சார் பையை மாட்டிக்கொண்டே, "நேத்து ஏதாவது வந்துச்சா மேடம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தால், நான் ஒரு படி மேலே இருப்பேன் என்று தோன்றியிருக்க வேண்டும். சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் மேஜை டிராயரில் வைத்த தாளை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பேன். 'இத்தனை நாள் எங்கே வச்சிருந்தீங்க?' என்று கேட்பாரே என்று பயந்து டிராயரை மூடிவிடுவேன்.

அந்த வாரமே குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவர் கணவரை அலை கொண்டுபோயிருந்தது.

"பாடி கெடைக்கலைங்க சார். படகு மட்டும் ரோட்டாண்ட கெடந்துச்சு."

"பாடி இல்லைன்னா ஏழு வருஷம் ஆவணும்மா. ரூல் அப்படித்தான் இருக்குது," என்றார் சார். அவருக்குத் தெரிந்த விதி அதுதான். குரலில் வருத்தம் இருந்தது.

நான் குனிந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். பேனா ஒரே இடத்தில் நின்று மை ஊறிவிட்டது. அந்தப் பெண் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே பதில். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்துவிடுவேன்.

மே மாதம் அவர் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டார். விசாரிக்க எங்கள் மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேனேஜரும் கூட நின்றார்.

"சர்க்குலர் பார்த்தும் ஏன் திருப்பி அனுப்பினீங்க?" என்று அதிகாரி சாரைக் கேட்டார்.

"எந்த சர்க்குலருங்க? நான் பார்க்கவே இல்லைங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். சாரும் பார்த்தார். அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. நான் வாய் திறக்காமல் இருந்தால் வேலை எனக்கு. காட்டினேன் என்று சொன்னால்கூட, இல்லை என்று சாரால் நிரூபிக்க முடியாது. டிராயரைத் திறந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நான்தான் காட்டலை சார். வேணும்னேதான் காட்டலை."

அன்று மதியமே சாரின் பின்னால் நானும் விண்ணப்பத்தோடு குப்பத்துக்கு நடந்தேன். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த ரூலு எப்ப வந்துச்சு?"

சார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

"மார்ச்லங்க. நான் சொல்லாம வச்சிருந்துட்டேன்."

அவர் கத்துவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் வீட்டுக்குள் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "ஏழு வருஷம்னாங்களேன்னு, பொண்ணைப் பத்தாவது பரீட்சைக்கு அனுப்பலைம்மா. உப்பளத்துக்குப் போவுது."

கிளைம் இரண்டே வாரத்தில் கிடைத்தது. சார் பர்மனென்ட் ஆனார். என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன்.

அடுத்த வருடம் ஒருநாள் சார் கடைக்கே போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, "அந்தப் பொண்ணு பரீட்சை எழுதிடுச்சு மேடம்," என்றார். ரிசல்ட் அதற்கு முந்தின வாரமே வந்திருந்தது. பாஸா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவரும் சொல்லவில்லை.