மூடியின் மேல் புல்

டோர்ட்மண்டை விட்டுத் தள்ளி, நகரத்தின் கழிவுநீர்க் குழாய் வந்து சேராத ஒரு தெருவின் கடைசி வீட்டை வாங்கினோம். பின்வளவில் நிலத்துக்குள் ஒரு மலக்குழி இருந்தது. முன்பிருந்தவர் அதை இறைப்பித்துவிட்டுத்தான் சாவியைத் தந்தார். புது வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். நான் குழியின் கொங்கிறீட் மூடிக்கு மேல் மண் போட்டுப் புல் பதித்தேன். அழகுக்காக என்று மனைவி நினைத்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சமையலறை யன்னலால் அந்தப் புல்லைப் பார்க்காமல் நான் வேலைக்குப் போனதில்லை. மழை பெய்தால் உள்ளே இருப்பவன் நனைவானே என்று நெஞ்சு பதறும். இது எந்த நாடு என்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

போன வருடம் ஊர்ச்சபை புதிய விதி கொண்டுவந்தது. வருடத்துக்கு ஒருமுறை குழியைப் பரிசோதிக்க வருவார்கள், கட்டணம் கூடும், மூடி வெளியே தெரிய வேண்டும், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றியே ஒரு மணிநேரம் மல்லுக்கட்டினார்கள். தன்னுடைய மாடுகளுக்கும் கட்டணம் உண்டா என்று ஒரு விவசாயி கேட்க, மண்டபமே சிரித்தது. நான் எழுந்து, மூடி ஏன் வெளியே தெரிய வேண்டும் என்று கேட்டேன். கஷ்டமென்றால் கட்டணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டலாம் என்று தலைவர் அன்பாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரும் வழியில் மனைவி பொரிந்து தள்ளினாள்.

"ஒரு மூடிக்காக அத்தினை பேருக்கு முன்னால எழும்பி நிண்டு கதைக்கிறியள். உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான்."

அவளுக்குத் தெரிந்தது ஊர் அறிந்த கதை. யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பின்போது, வெட்டி முடித்து இன்னும் பாவிக்காத மலக்குழிக்குள் என் தம்பியை இறக்கினேன். மூடியை இழுத்து மூடி, மேலே தென்னோலை பரப்பினேன். இராணுவம் வந்து, தம்பி எங்கே என்று என்னைக் கேட்டது. தெரியாது என்றேன். வளவைச் சுற்றித் தேடாமல் நேரே ஓலையடிக்குப் போனது. கொண்டுபோன தம்பி திரும்பவில்லை. முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி எவனோ சொல்லியிருக்கிறான் என்று ஊர் முடிவுகட்டியது. அம்மா கண்மூடும்வரை அந்தத் தலையாட்டியை மண் அள்ளித் தூற்றினார். திட்டிக் களைத்தால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது நான்தான்.

பரிசோதகர் டெர்மின் போட்டபடி, குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்கு வந்தார். கையில் இரும்புக் கொளுக்கி. புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குழி எங்கே?"

"தெரியாது," என்றேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. சின்னப் பிள்ளையைப் போல் பொய் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு கணம் என் முகத்தைக் கவனித்தார். பிறகு நேரே நடந்துபோய், கொளுக்கியின் நுனியால் புல்லைத் தட்டினார். கொங்கிறீட் சத்தம் கேட்டது. புல்லை வெட்டி ஒதுக்கி மூடியைத் தூக்கினார். விதிப்படி நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. இனி மூடியை மறைக்க வேண்டாம் என்று எழுதித் தந்துவிட்டுப் போனார்.

தேத்தண்ணியோடு வந்த மனைவிக்கு ஒரே ஆச்சரியம்.

"நீங்கள் தெரியாதெண்டுதானே சொன்னியள். அந்தாள் எப்பிடி நேர அந்த இடத்துக்குப் போனது?"

"நான் பாத்தனான்," என்றேன். "வாய் தெரியாதெண்டு சொல்லேக்க, கண் அங்க போட்டுது."

அவள் சிரித்தாள்.

"தலையாட்டி ஒருத்தரும் வரேல்லையப்பா," என்றேன். "அண்டைக்கும் நான் பாத்தனான்."