பத்தரைக்குள் ஏற்ற வேண்டிய பரங்கிக்காய்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பச்சை பிளாஸ்டிக் தட்டை மறக்கவில்லை. ஒரகடத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் நான் ஆயாவாக இருந்தேன். காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பஸ் ஏறுமுன் போனை அந்தத் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். கேமரா வைத்த போனை கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். பெருக்குவது, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது போக, அந்தப் போன்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் எடுத்து, "பொண்ணு டியூட்டில கீது, மூணு மணிக்கு மேல பேசும்" என்று சொல்ல வேண்டும். அவசரம் என்றால் வார்டனிடம் ஓட வேண்டும். வார்டன் கம்பெனிக்குச் சொன்னால், பெண்ணை லைனிலிருந்து எழுப்பி ஆபீஸ் போனில் பேசவிடுவார்கள். நான் இருந்த காலத்தில் இரண்டு பேருக்கு அப்படி நடந்தது. இரண்டு பேரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வண்டிக்குள் போகிற ஒயரைக் கட்டுகிற லைனில் வேலை. மற்றவர்கள் ஆயா என்றால், அவள் மட்டும் பெரியம்மா என்பாள். ஒருநாள் போனைத் தட்டில் வைக்காமல் என் கையில் கொடுத்தாள். அதில் ஒரு விளையாட்டு. சின்னச் சின்னப் பாத்தி, சிவப்பு ஓட்டு வீடு, நாலு கோழி. "பெரியம்மா, இந்தக் கத்திரிக்கு மட்டும் எட்டு மணிக்கு ஒருக்கா, பதினொன்னுக்கு ஒருக்கா தண்ணி ஊத்திருங்க. இல்லாட்டி வாடிப்போகும்" என்றாள். "போன்ல தண்ணி ஊத்துனா ரிப்பேர் ஆயிடாதாம்மா?" என்றேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து திரையில் இருந்த பூவாளிப் படத்தின் மேல் வைத்து இழுத்துக் காட்டினாள்.

வயல் வேலையை விரும்பினவள் என்று என்னை நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதிலிருந்து மணிமங்கலம் பக்கம் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டேன். இடுப்பு நோகுதே என்று நிமிர்ந்தால், வரப்பில் நிற்கிறவர் என் அம்மாவை இழுத்துத் திட்டுவார். அந்த நிலமெல்லாம் கம்பெனிக்குப் போனபோது நிலத்துக்காரர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஒழிந்தது என்றுதான் இருந்தது. அப்படிப்பட்டவள்தான் அந்தக் கத்திரிச் செடிக்கு எட்டு மணி எப்போது வரும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே குனிய வேண்டாம், அட்டை ஏறாது, யாரும் கத்துவதில்லை. விளைந்தால் செடி தானே ஆடிக் காட்டும். பக்கத்துத் தோட்டத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்து நின்று ஏதோ சொல்வார், இங்கிலீஷில் எழுத்து வரும். என்ன சொல்கிறார் என்று அவளைக் கேட்டேன். "ஒங்க தோட்டம் ரொம்ப அழகா இருக்காம் பெரியம்மா" என்றாள். வெட்கம் வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

அப்புறம் நான் நானாக இல்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தெருவுக்கு ஓடும். "இன்னா ஆயா, நடவு முடிஞ்சுதா, வூட்டைப் பெருக்கறதுக்கு வேற ஆள் வெக்கட்டா?" என்பார் வார்டன். தலையைக் குனிந்துகொள்வேன், விரல் மட்டும் நிற்காது. ஒருநாள் அந்தப் பெண் காய்ச்சலில் படுத்துக்கிடந்தாள். அவள் படுத்தால் போன் அவளிடமே இருக்கும். "எழுந்து போம்மா, ஒரு நாள் லீவு போட்டா சூப்பர்வைசர் கத்துவான்" என்று சொல்லி, நானே தலை வாரிவிட்டு பஸ் ஏற்றினேன். அக்கறை என்று நினைத்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பஸ் திரும்புவதற்குள் நான் கோழிக்குத் தீனி போட்டேன்.

அவள் அம்மா தினமும் பத்து மணி வாக்கில் கூப்பிடுவாள். மகள் டியூட்டியில் இருப்பாள் என்று தெரிந்தும் கூப்பிடுவாள். "எம்புள்ள சாப்புட்டுச்சா தாயி?" என்பாள். முதலில் நன்றாகத்தான் பேசினேன், என்ன குழம்பு என்றுகூடச் சொல்வேன். பிறகு, "சாப்ட்டா, சாப்ட்டா" என்று வைத்துவிடுவேன். போன் பேசினால் தோட்டம் மறைந்துபோகிறதே.

அந்த விளையாட்டில் ஒரு சந்தை வரும். பெரிய பரங்கிக்காயை வண்டியில் ஏற்றி அனுப்பினால் பரிசு. அன்று பத்தரைக்குள் ஏற்ற வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காயை விரலால் அழுத்தி மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும், விட்டால் உருண்டுவிடும். பாதி தூரம் போனபோது கால் வந்தது. அவள் வீட்டு நம்பர்தான், அம்மா என்று படித்தேன். சாப்பாட்டுக் கதைதானே என்று சிவப்பை அழுத்தினேன். காய் உருண்டது. மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தது, மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறை வந்தபோது, "சனியன், கொஞ்ச நேரம் சும்மா கெடக்காதா" என்று வாய்விட்டே சொல்லி அதையும் அறுத்தேன். அப்புறம் வரவில்லை. காய் ஏறிவிட்டது. இரண்டாம் பரிசு, கழுத்தில் மணி கட்டிய ஒரு பசு. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

வார்டன் ஓடிவந்தார். "இன்னா ஆயா, போனை எடுக்கவே இல்லியாமே? அவ அண்ணன் என் நம்பரைத் தேடிப் புடிச்சு அடிக்கறான். ஆஸ்பத்திரில அவங்கம்மா பொண்ணுகிட்ட பேசணும்னு கேட்டுக்கினே இருந்துச்சாம். இப்பத்தான் போச்சாம்." நான் மோட்டார் போடப் போயிருந்தேன் என்றேன். கம்பெனி வேனில் அவளை அழைத்துவந்தார்கள். போனை அவள் கையில் கொடுத்தேன். உள்ளே பசுவின் மணி ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்திவிட்டு வேறு எதையோ திறந்து பார்த்தபடி நின்றாள். "ஒரு கால்கூட உங்காதுல வுழலியா?" என்று வார்டன் அவள் எதிரிலேயே கேட்டார். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பிவந்தாள். மறுநாள் காலை போனைத் தட்டில் வைப்பாள் என்று நினைத்தேன். என் கையில்தான் கொடுத்தாள். "இனிமே பத்து மணிக்கு யாரும் கூப்புட மாட்டாக பெரியம்மா. தொந்தரவு இல்லாம வெளையாடுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. வேண்டாம்மா என்று நான் சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். எட்டு மணிக்குத் தண்ணீரும் ஊற்றினேன்.

அஞ்சு மாதம் அப்படியே நடந்தது. தினமும் கையில் கொடுப்பாள், தினமும் வாங்குவேன். அப்புறம் மறைமலை நகர்ப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறினாள். பெட்டியோடு ஆட்டோவுக்கு நிற்கிறவளிடம், எங்கே தங்குவாய் என்று கேட்காமல், "அந்தத் தோட்டம் இன்னா ஆவும்மா?" என்று கேட்டேன். "வாடும், அம்புட்டுத்தான். உசுரா போயிரும்?" என்றாள்.

போன வருஷம் என் மகன் எனக்கு ஒரு போன் வாங்கித் தந்தான். தெரியாமல் ஒரு போன் காலை அறுத்துவிட்டு, யார் என்று தெரியவில்லையே என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். அவள் ஒரு பட்டியலைத் திறந்தாள். எடுக்காமல் விட்டது ஒரு குறி, வேண்டுமென்று அறுத்தது இன்னொரு குறி, எத்தனை தடவை, எத்தனை மணி, எல்லாம் அதில் நிற்கிறது. அன்று நான் மோட்டார் என்று சொன்னபோது அந்தச் சிவகங்கைப் பெண்ணின் கையில் திறந்திருந்தது அதுதான்.

அந்த விளையாட்டை என் போனிலும் போட்டுத் தரச் சொன்னேன். இப்போதும் ஆடுகிறேன், மறைப்பானேன். எனக்குப் பகலில் கால் வருவதில்லை.

மூன்று தடவை அறுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். நாலாகவும் இருக்கலாம். எத்தனை மணிக்கு என்பதும் எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பெண் தன் போனில் அந்தப் பட்டியலை அழித்திருக்க மாட்டாள். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவளிடம் கேட்டுச் சரியாகத் திருத்திவிடுங்கள்.