தொண்ணூற்றொன்பதில் போன தண்ணீர்

எங்கள் ஆய்வு மையத்துப் பேராசிரியரின் மேசையில் ஒரு சிவப்புப் பென்சில் கிடக்கும். நாங்கள் வீடு வீடாகப் போய் நிரப்பி வந்த படிவங்களைப் புரட்டி, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதிலைக் கண்டால் பக்கத்தில் 99 என்று எழுதுவார். 'மற்றவை' என்று அர்த்தம். கணினியில் அந்த எண் மட்டும்தான் ஏறும். பதில் தாளோடு நின்றுவிடும். நேர்மையானவர், எங்கள் சம்பளத்துக்காகப் பெரிய இடங்களில் சண்டை போட்டவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி சொல்லப்போவது முழுக்க எரிச்சல்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சமூகவியல் என்றால் சாதியும் கல்யாணமும். நகரத்தின் ஓரத்தில், தொழிற்சாலைகள் சூழ்ந்த சந்தாபுராவில் ஒரு தெருவுக்கு அனுப்பினார்கள். அங்கே கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்த்த ஓர் அக்கா, பெண் எடுத்த ஊர்களையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வருவதைச் சொம்பில் பிடித்துக் காட்டினார். எழுதிக்கொண்டேன். "அது நம்ம சப்ஜெக்ட் இல்லப்பா, இன்ஜினியருங்க பாத்துக்குவாங்க" என்றார் பேராசிரியர். சில வருடங்களில் சாதி பழசாகி, ஐடியும் இடப்பெயர்வும் வந்தன. மறுபடி அதே தெருவுக்குப் போனேன். அக்கா மறுபடி தண்ணீரைச் சொன்னார், மறுபடி 99. இரண்டு தடவையும் வாயைத் திறக்காதவன் நான்.

இப்போது தண்ணீருக்குத்தான் நிதி. ஓய்வுபெற்று ஆலோசகராகிவிட்ட பேராசிரியர் போன் செய்து, சந்தாபுரா தண்ணீர் பற்றிப் பழைய தகவல் கிடைத்தால் பொக்கிஷம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகம் மாறியபோது அந்தப் படிவங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னவரே அவர்தான்.

போன மாதம் புதிய படிவத்தோடு அந்தத் தெருவுக்குப் போனேன். அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தெருக்காரர்கள் சேர்ந்து பக்கத்துத் தொழிற்சாலை மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் எத்தனை வருடமாகக் கெட்டிருக்கிறது என்பதற்கு அதிகாரிகள் எழுத்தில் ஆதாரம் கேட்கிறார்களாம்.

"உங்களத்தான் தேடிட்டு இருந்தோம் தம்பி. ரெண்டு வாட்டி எழுதிட்டுப் போனீங்கல்ல, அதுல ஒரு ஜெராக்ஸ் குடுத்தா போதும்."

இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். அக்கா திட்டியிருந்தால் தேவலை. உள்ளே கணவர் படுத்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"சரி, எழுதுங்க. முடிச்சதும் முக்குக் கடைல ஜெராக்ஸ் எடுத்து எங்கிட்ட ஒண்ணு குடுத்துட்டுத்தான் போகணும்."

நிரப்பிய படிவத்தின் நகலை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. இரண்டு நகல் எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.