சொந்தப் பாட்டுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார்

சிதம்பரத்தில் நண்பன் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலியோடு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன். பாட வந்திருக்கும் ஜெயந்தியும் பாபுவும் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்கள். காலேஜ் நாளிலிருந்து ஜோடியாக ரிதம் அண்ட் ப்ளூஸ் என்கிற அமெரிக்க பாணிப் பாட்டு பாடுகிறார்கள். பிழைப்புக்கு சினிமாப் பாட்டு.

“எல்லாக் கச்சேரிலயும் எங்க சொந்தப் பாட்டு ஒண்ணு பாடுவோம் சார்,” என்கிறார் ஜெயந்தி, தண்ணீர் குடித்தபடி. “ஆனா முழுசாப் பாடினதே இல்ல. பாதில யாராவது அறிவிப்புன்னு மைக்க வாங்கிடுவாங்க. இன்னிக்குக் குடுக்கறதா இல்ல.”

பாட்டு தொடங்குகிறது. பாபு கீழ்க்குரலில் இழைய, ஜெயந்தி மேலே ஏறுகிறார். பரிசோடு வரிசையில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குள் மாப்பிள்ளையின் மாமா மேடையேறிக் கையை நீட்டுகிறார்.

“மைக்கக் குடும்மா. வாசல்ல ஒரு வெள்ளைக் காரு வழிய மறிச்சிக்கினு நிக்குது.”

ஜெயந்தி மைக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். அதே மெட்டில், அதே தாளத்தில் பாடுகிறார்: “வாசல மறிக்கிற வெள்ளைக் காரு, வந்து கொஞ்சம் எடுத்திடுங்க.”

“எடுத்திடுங்க, எடுத்திடுங்க,” என்று பாபு பின்பாட்டு பாடுகிறார்.

பந்தியிலிருந்து ஒருவர் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடுகிறார். மாமாவின் கை நீட்டியபடியே இருக்கிறது. ஜெயந்தி அடுத்த சரணத்துக்குப் போய்விட்டார்.