அக்காவின் கண்ணில் தூசி

என் அக்காவின் கண்ணுக்கு வைத்தியம் சொல்லாத ஒருவர் ரெட்டிபாளையத்தில் இருந்தார் என்றால் அவர் அன்றைக்கு வெளியூர் போயிருந்திருப்பார். பதினாறு வயதுக்குள் அவளுடைய இரண்டு கருவிழிகளிலும் பால் தெளித்தாற்போல் வெள்ளை படர்ந்துவிட்டது. வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டாள். எல்லாம் ஊரை ஒட்டிய ஆலையின் சிமெண்டுத் தூசி என்றார்கள். அதே தூசியைத்தானே ஊரே தின்கிறது, மற்றவர் கண்ணெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்க நாதியில்லை. நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், யாரோ பிள்ளை பெற்றவளின் தாய்ப்பால் என்று கண்டவர்களும் கண்டதை ஊற்றினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கே கண் எரிந்தது.

கடைசியில் ஒருவழியாக அப்பா எங்களைத் திருச்சிக்கு, கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் அக்காவின் கண்ணைக் கருவியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவையும் அம்மாவையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

அப்பா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொந்த அக்கா மவதாங்க. எங்க வூட்ல அசல்ல குடுக்கறதுமில்ல, எடுக்கறதுமில்ல."

"அதாங்க வெனை. தூசியுமில்ல, ஒண்ணுமில்ல. இது வம்சத்துல வர்ற நோய். சொட்டு மருந்துல சரியாவாது. செத்தவங்க கண்ணுலேர்ந்து எடுத்து, விழி மேல இருக்கற தோலை மாத்தணும். கண்ணு கெடைச்சா சொல்லி அனுப்பறேன். இவளையாவது அசல்ல குடுங்க."

"கண்ணு தெரியாதவள அசல்ல எவன் சார் கட்டுவான்? அவ தாய்மாமனே கட்டிக்கறேங்கறான், அது நாங்க செஞ்ச புண்ணியம்."

டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நான் சொல்றது காதுல ஏறுதா இல்லையா?"

எனக்கு டாக்டர் மேல்தான் ஆத்திரம். வரும்போதெல்லாம் காராபூந்தி வாங்கி வரும் மாமாவை இவருக்கு ஏன் பிடிக்கவில்லை? ஆனால் அவர் திடீரென்று என்னையும் கூப்பிட்டு, டார்ச் அடித்து, அதே கருவியில் உட்கார வைத்துப் பார்த்தார். "வருசம் தப்பாம இவளையும் கூட்டிட்டு வாங்க" என்றார். கேட்காமலே என் கண்ணையும் பார்த்துவிட்டாரே என்று கோபமெல்லாம் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் என்னைச் சன்னலோரம் உட்கார வைத்த அக்கா, நிம்மதியாக வேடிக்கை பார்க்க விட்டாளா?

"பாப்பா, அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"லால்குடி."

"கீழ பொடி எழுத்துல?"

படித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அடுத்தது. கடைப் பெயர், சுவர் விளம்பரம், எதிரே வந்த லாரியின் நம்பர் என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில், "வெயில் கூசுதா?" என்று வேறு. புள்ளம்பாடி வருவதற்குள் என் உயிரை வாங்கிவிட்டாள்.

"சும்மா இரேன்க்கா! எல்லாம்தான் நல்லாத் தெரியுதே!" என்று கத்தினேன்.

அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவம், தனக்குத் தெரியவில்லையே என்று அழுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.