லாபிர் சேர் வாசித்துக் காட்டாத பக்கம்

லாபிர் சேர் வபாத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ளுஹர் தொழுகைக்குச் சற்று முன் சொன்னது. நான் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். மீன்காரர் கத்தியை வைத்துவிட்டு, இறந்தவருக்காக இன்னாலில்லாஹி ஓதினார். நானும் ஓதினேன். கவலையில் அல்ல, பழக்கத்தில்.

மருதமுனையில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு முப்பது வருடம் செயலாளராக இருந்தவர். அவரிடம் ஆடிய கழகத்தவர் உங்களுக்கு, கழக முத்திரையான அந்தச் சீல் பற்றி ஞாபகப்படுத்தத் தேவையில்லை. கழக அலுமாரியில் வைக்கமாட்டார். சட்டைப் பையிலேயே கொண்டு திரிவார். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் பைக்குக் கீழே ஊதா மை இருக்கும். அந்தச் சீல் விழாமல் எவனும் வேறு கழகத்துக்குப் போக முடியாது.

ஆர்தரையும் மறந்திருக்கமாட்டீர்கள். நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஆடியவன். அவனைப் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று சேரிடம் இருந்தது. நாம் தோற்ற நாட்களில் மணலில் இருத்தி வைத்துத் தமிழில் சொல்வார். காலையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, பின்னேரம் ஆட்டம். பதினைந்து வருடமும் ஒரே கழகம். ஒன்றுமே கேட்காதவன். வெறுங்காலோடு இருந்து கேட்டோம்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கொழும்புக் கழகம் ஒன்று அழைத்தது. ஆட்டத்தோடு நிரந்தர வேலையும் தருவார்கள். ஒரு வாரத்துக்குள் விடுவிப்புக் கடிதம் வேண்டும். உம்மா தறியை விட்டு எழும்பி என்னோடு அவர் வீட்டுக்கு வந்தார். விடுவிப்புக் கேட்டு நான் எழுதியிருந்த கடிதத்தைச் சேர் வாசித்து மடித்தார்.

"ஆர்தர் கேட்டானாடா கடிதம்?"

"ஆர்தருக்கு வேலை இருந்திச்சி சேர். எனக்கு இல்ல."

"வாய் நல்லா ஆடுது. காலும் இப்பிடி ஆடினா கப் நமக்குத்தான்."

உம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். வாரம் முடிந்தது, சீல் விழவில்லை. அடுத்த வருடம் என் முழங்கால் போனது. சேர் தோடம்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, என் கட்டிலில் இருந்தபடி, ஆர்தர் காயத்தோடு கோல் அடித்த கதையைச் சொன்னார்.

அவர் வபாத்தான அன்று அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவர் மகன், வாப்பா யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார். பொறுத்தோம் என்றது வரிசை. நான் வாய் திறக்கவில்லை. மகன் அதைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்த ஆர்தர் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார்.

"தனிய கேக்க வந்தன். வாப்பாவப் பொறுத்துக்குங்க. இதுக்குள்ள ஒங்கட கடிதம் இரிக்கி."

சேர் பக்க அடையாளமாக வைத்திருந்தார், அன்று மடித்த என் கடிதத்தை. அந்தப் பக்கத்தை வாசித்தேன். ஆர்தர் கேட்டிருக்கிறான். வேறு கழகத்துக்குப் போக மூன்று முறை கடிதம் கேட்டிருக்கிறான். மூன்று முறையும் கொடுக்கவில்லை. முழங்கால் உடைந்ததும் ஒரே வரியில் வெளியே அனுப்பினார்கள். பிறகு அவனுக்குச் சுரங்கம் மட்டும்தான்.

சேர் அறியாமல் செய்தார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அறிந்துதான் செய்திருக்கிறார்.

"பொறுக்கிறதப் பிறகு பாப்பம்," என்றேன். "புத்தகத்த வெச்சிட்டுப் போங்க."

மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கப் போகிறீர்களாம். வையுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் புத்தகம். புதிய ஆட்டக்காரர்கள் கழகத்தில் கையெழுத்து வைக்கும் நாளில், அவர்கள் பேனையை எடுக்க முன், இதை நான் வாசித்துக் காட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து.