அம்மா கேட்ட எண்ணெய்

சனிக்கிழமை வகுப்புன்னா விடியமுன்னயே பன்வில பஸ்ஸைப் பிடிக்கணும். மடவளையில மூட்டை முடிச்சோட கூட்டம் ஏறும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசல்ல நின்னு கண்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கட்டின சேலை கசங்கிப் போயிரும்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர். படிக்கிறது திருவழிபாட்டுல முதுமாணிப் பட்டம். பூசை, ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் எப்படி வந்துச்சு, ஏன் இப்படிச் செய்றோம்ங்கிற படிப்பு. வகுப்பு நிறைய சாமியாராகப் படிக்கிற குருமடத்து பிரதர்மார், கொஞ்சம் சிஸ்டர்மார், நடுவுல நான். "பூசை வைக்கவா போற?"ன்னு அண்ணன் கேலி பண்ணுவாரு. பொம்பளை எவ்வளவு படிச்சாலும் பூசை வைக்க முடியாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எரிச்சலா வரும்.

படிக்கப் போனதே அப்பாவாலதான். கொரோனா நேரம் ஆஸ்பத்திரியில செத்துப் போனாரு. சாமியாரை உள்ள விடல, பெட்டியைத் திறக்கல, கொண்டுபோய் எரிச்சுட்டாங்க. ஒரு செபமும் இல்லாம போன மனுசன் எங்க போயிருப்பாருன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. யாராவது பதில் சொல்லணுமேன்னு நான் இந்தப் படிப்புல சேர்ந்தேன். தனக்குன்னு அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "எனக்கு அவஸ்தை பூசாம அனுப்பிறாதீங்க." சாகப்போறவங்க நெத்தியிலயும் கையிலயும் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கிறதை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க.

அதைச் சாவு வரைக்கும் தள்ளிவைக்கத் தேவையே இல்ல, நோய் முத்துறப்பவே வாங்கிக்கலாம். என் ஆய்வுக் கட்டுரையே அதைப் பத்தித்தான். அம்மாவுக்கு கிட்னி பழுதுன்னு தெரிஞ்சதுல இருந்து, சாமியாரைக் கூப்பிடுவோம்னு அண்ணன்கிட்ட மன்றாடினேன். "சாமியார் வாசல்ல வந்து நின்னா லயத்துல இருக்கிற அத்தனை வீடும் ஒப்பாரி வைக்கும். அம்மா பயத்துலயே போயிருவாங்க. சும்மா இரு." அம்மாவும் அவர் கட்சி. "அவசரப்படாதடி. நேரம் வந்தா நானே சொல்லுவேன்." சாவு என்ன பஸ்ஸா, மணி பாத்து வர? எங்க பஸ்ஸே மணி பாத்து வர்றதில்ல.

ஒரு மழைநாள் காலையில அம்மா சொன்னாங்க, "இப்பக் கூப்பிடு." போன் பண்ணினேன். சாமியார் வேற தோட்டத்துக் கோயில்ல இருந்தாரு. இந்த மலைப்பக்கம் எல்லாத்துக்கும் அவர் ஒருத்தர்தான். பாவம், உடனே புறப்பட்டாரு. வழியில மண்சரிவு. அம்மா கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்தாங்க. மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் என் கையைப் பிடிச்சு, "நீ படிச்சவதானே. நீயே பூசிவிடு"ன்னாங்க. என்னால முடியாதும்மா, சாமியார்தான் பூசணும்னு சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு மறுபடியும் கதவுப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. செஞ்ச பாவத்துக்கு வருத்தப்பட்டுச் சொல்ற மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக் குடுத்தேன். பாதியில அம்மா வாய் நின்னு போச்சு.

மதியம் போனாங்க. தாடையைக் கட்டி, கால் பெருவிரலைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டுல மெழுகுதிரி ஏத்தியாச்சு. பொழுது சாயிற நேரம் சாமியார் முழங்கால் வரைக்கும் சேறோட நடந்தே வந்து சேர்ந்தாரு. "எப்ப?"ன்னு கேட்டாரு. நான் வாய் திறக்கமுன்ன அண்ணன், "இப்பத்தான் சாமி. உடம்புல இன்னும் சூடு இருக்கு"ன்னுட்டாரு.

செத்தவங்களுக்கு இந்தப் பூசுதல் கிடையாது. உயிர் இருக்கா இல்லையான்னு சந்தேகம் இருந்தா மட்டும் பூசலாம். அதையும் கட்டுரையில எழுதியிருந்தேன். சாமியார் கட்டியிருந்த தாடையைப் பாத்தாரு, அண்ணனைப் பாத்தாரு. அப்புறம் ஒண்ணும் கேக்காம எண்ணெய்ச் சிமிழைத் திறந்தாரு. நெத்தியில சிலுவை போட்டாரு. செபமாலை சுத்தின கையை விரிக்க முடியல, புறங்கையில பூசினாரு. அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நான் சுவரோட சாஞ்சு நின்னேன்.

அடக்கத்துக்கு வந்தவங்ககிட்டயெல்லாம், "அம்மா எல்லாம் வாங்கிட்டுத்தான் போனாங்க"ன்னு அண்ணன் சொன்னாரு. எல்லாரும் ஆறுதலாத் தலையாட்டினாங்க. அது வெறும் எண்ணெய்னு சாமியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆண்டவரோட இரக்கம் எண்ணெய்ல அடங்கினதில்லன்னு எங்களுக்குப் பாடம் இருக்கு. பரீட்சையில நானும் அதை அழகா எழுதியிருக்கேன். அம்மா கதவைப் பாத்துக்கிட்டுக் கிடந்ததை நினைச்சா அது ஒண்ணுக்கும் உதவல.

மறுநாள் அண்ணன் சோத்துத் தட்டைத் தொடாம உக்காந்திருந்தாரு.

"நான்தானே கூப்பிட விடல. அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்திருக்குமா? நீ படிச்சவ, சொல்லு."

"சேர்ந்திருக்கும்ண்ணே"ன்னேன்.

என் முகத்தைப் பாத்தாரு. அப்புறம் சோத்தைப் பிசைஞ்சு சாப்பிட்டாரு.

அடுத்த சனிக்கிழமை நான் பழையபடி பஸ் ஏறினேன். அப்பா எங்க போனாருன்னு அம்மா கேட்டாங்கன்னுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இப்ப அம்மாவுக்கும் சேர்த்துக் கேக்கணும். அண்ணன் கேட்டப்ப "சேர்ந்திருக்கும்"னு சொல்ல நான் இருந்தேன். எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்ல.